ஸ்பார்க் பிளக் மாற்றும் நேரம்: கிலோமீட்டர் மட்டும் போதாது

சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழில் இன்னும் நான்கு ஆண்டுகள் மீதமிருந்த ஒரு பழைய 125 சிசி ஹோண்டா வேவ் மோட்டார்சைக்கிளை வாங்கிய இரண்டாம் மாதம் அது. டிசம்பர் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், யீஷூனிலிருந்து துவாஸுக்கு வேலைக்குச் செல்லும் வழியில், கிராஞ்சி விரைவுச்சாலையின் ஏற்றம் ஒன்றில் வண்டி திக்கத் தொடங்கியது. முறுக்கினால் இழுக்கவில்லை, விட்டுவிட்டு இருமியது, முறுக்கைத் தளர்த்தினால் ஒன்றும் நடவாததுபோல் ஓடியது. பின்னால் ஒரு லாரி விளக்கை அடித்துக்கொண்டே வந்ததால், ஓரத்துத் தடத்திலேயே ஒட்டி ஒருவழியாக வேலையிடம் போய்ச் சேர்ந்தேன்.

இஞ்சினுக்குள் பொறி கிளப்பிப் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்தான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. காரணம், விற்றவர் "பிளக் புதுசு, மாற்றி 2,000 கிலோமீட்டர்கூட ஆகவில்லை" என்று சொல்லியிருந்தார்; அவர் பொய் சொல்லவும் இல்லை. அன்று மாலை காக்கி புக்கிட்டில் எனக்குப் பழக்கமான பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனபோது, அங்கிருந்த அண்ணன் நான் சொன்னதைப் பாதி கேட்டுக்கொண்டிருக்கும்போதே பிளக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். மரைகள் பளபளவென்று புதிதாக இருந்தன. நுனியோ அடுப்புக்கரி போலக் கறுத்து, விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் உலர்ந்த கரியால் மூடியிருந்தது. "தம்பி, பிளக் புதுசுதான். ஆனால் இந்த வண்டியோட பிளக் இல்லை இது" என்றார்.

அந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வாரங்கள் ஆயின. கையேடுகளில் போட்டிருக்கும் கிலோமீட்டர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பிளக் மாற்றும் பழக்கம் சிங்கப்பூர்ச் சாலைகளுக்குச் சரிவராது என்பதையும், பழைய பிளக்கை உற்றுப் பார்க்காமல் குப்பையில் எறிபவர் அந்த வேலையின் பாதிப் பயனை இழக்கிறார் என்பதையும் அதன்பின் என் கையாலேயே செய்து கற்றுக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிறு மோட்டார்சைக்கிள்கள் பலவற்றின் கையேடுகளில், சாதாரண நிக்கல் பிளக்கை 4,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்கவும், 8,000 முதல் 12,000 கிலோமீட்டருக்குள் மாற்றவும் சொல்லியிருப்பார்கள். பெரிய பைக்குகளில் இந்த எண் 24,000 வரையிலும் அதற்கு மேலும் போகும். இந்த எண்கள் தவறானவை அல்ல. நான்கு வீச்சு இஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 6,000 சுற்று சுழலும்போது, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை என்ற கணக்கில் பிளக் நொடிக்கு 50 முறை எரிபொருளைப் பற்றவைக்கவேண்டும். ஒவ்வொரு பொறியும் மின்முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தைத் தின்றுவிடுகிறது. முனைகளின் கூரான விளிம்பு மழுங்கி, இடைவெளி அகலமாகி, அந்த இடைவெளியைத் தாண்டக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுகிறது. அந்த மின்னழுத்தத்தைத் தரும் இக்னிஷன் காயில் என்ற கம்பிச்சுருள் அதற்காகத் திணறுகிறது. இது ஓட்டத்தால் வரும் தேய்மானம், இதற்குக் கிலோமீட்டர்க் கணக்கு பொருந்தும்.

கரி படிவது வேறு கதை. பிளக்கின் நுனியில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குக் கீழே இருந்தால் கரி சேர்ந்துகொண்டே போகும். கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள் என்பதால், இடைவெளியைத் தாண்டிப் பொறியாக வேண்டிய மின்சாரம் பீங்கான்மேல் ஊர்ந்து உலோக உடலுக்குள் கசிந்துவிடும். இன்னொரு பக்கம், நுனி 850 டிகிரி வாக்கில் போனால் பொறி வருவதற்கு முன்பே அந்தச் சூட்டிலேயே கலவை பற்றிக்கொள்ளும், பிஸ்டனுக்கே ஆபத்து. இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே நுனியை வைத்திருப்பதுதான் சரியான பிளக்கின் வேலை.

இப்போது நம் ஊர் ஓட்டத்தை யோசித்துப் பாருங்கள். அங் மோ கியோவிலிருந்து தோ பாயோவுக்குப் போய் வருபவர் வேலை நாளுக்கு 12 கிலோமீட்டர் ஓட்டினால், ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000தான் ஆகும். 8,000 தொட இரண்டரை ஆண்டுக்கு மேல் பிடிக்கும். ஆனால் இஞ்சின் சரியாகச் சூடேறுவதற்குள் அவர் இறங்கிவிடுவதால், அவருடைய பிளக்குக்குத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நேரமே கிடைப்பதில்லை. மலேசியாவின் ஜொகூரிலிருந்து நாள்தோறும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தைக் கடந்து வேலைக்கு வரும் நம் ஆட்களின் நிலைமை அதைவிட மோசம். ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள அந்தப் பாலத்தில், மோட்டார்சைக்கிள் கூட்டத்தின் நடுவே, முறுக்காமல் வெறுமனே ஓடும் இஞ்சினோடு அரை மணி நேரம் காலால் தள்ளித் தள்ளி நகர்வார்கள். மீட்டரில் ஒரு கிலோமீட்டர் ஏறும். பிளக்கில் அரை மணி நேரக் கரி ஏறும். இதற்கு எதிர்ப்புறத்தில் உணவு விநியோகம் செய்யும் தம்பிகள் இருக்கிறார்கள். நாளுக்கு 100 கிலோமீட்டர் ஓட்டினால் 80 நாளில் 8,000 முடிந்துவிடும். "போன வருடம்தானே மாற்றினேன்" என்று அவர்கள் சொல்லும்போது அந்தப் பிளக் மூன்று ஆயுளை முடித்திருக்கும்.

ஆகவே நான் பின்பற்றும் வழக்கம் இது: மாற்றுவது கையேட்டின் கிலோமீட்டர்படி, கழற்றிப் பார்ப்பது 4,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முன்னால் வருகிறதோ அதன்படி. பழைய வண்டி வாங்கினால், விற்றவர் என்ன சொன்னாலும் முதல் வாரத்திலேயே பார்த்துவிடவேண்டும். இவற்றுக்கு முன்பே, காலையில் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட நீண்ட நேரம் சுற்றினாலோ, ஏற்றத்தில் வண்டி மிஸ் ஆனாலோ (அதாவது, கலவை பற்றாமல் விட்டுவிட்டு இருமினாலோ), பெட்ரோல் காரணமில்லாமல் கூடுதலாகக் குடித்தாலோ காத்திருக்கத் தேவையில்லை. மிஸ் ஆகும் இஞ்சினோடு பல நாள் ஓட்டுவதில் இன்னொரு கெடுதலும் உண்டு: எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய், அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்தால் அதைப் பாழாக்கிவிடும். பத்து வெள்ளிக்குள் முடியும் வேலையைத் தள்ளிப்போட்டுச் சில நூறு வெள்ளிக்கு வேலை வைத்துக்கொள்வது அது.

கழற்றிய பிளக்கைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். பீங்கான் நுனி வெளிர் பழுப்பாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ இருந்தால் எல்லாம் நலம். எரிபொருள் ஊசி பொருத்திய புதிய வண்டிகளில் இதைவிட வெளுத்தே இருக்கும், அதைக் கண்டு பதறவேண்டாம். உலர்ந்த கருங்கரி என்றால், கலவையில் பெட்ரோல் அதிகம், காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது, ஓட்டம் மிகக் குறுகியது, அல்லது பிளக்கின் வெப்ப எண் (பின்னால் விளக்குகிறேன்) பொருந்தவில்லை. இந்த நான்கில் ஏதோ ஒன்று. எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாகக் கறுத்திருந்தால் குற்றவாளி பிளக் அல்ல. பிஸ்டன் வளையமோ வால்வு சீலோ தேய்ந்து இஞ்சின் ஆயில் உள்ளே வருகிறது. அப்படிப்பட்ட வண்டிக்குப் புதுப் பிளக் போடுவது, ஒழுகும் கூரைக்குக் கீழே வாளியை மாற்றி வைப்பது போன்றது. பீங்கான் சுண்ணாம்புபோல் வெளுத்து, முனைகளில் சிறு கொப்புளங்கள் தெரிந்தால் அது அதிகச் சூடு; கார்புரேட்டருக்கும் இஞ்சினுக்கும் இடையே எங்கோ காற்று கசிகிறதா என்று உடனே பார்க்கவேண்டும்.

ஒரு விஷயம் பலரை ஏமாற்றும். பிளக்கின் வெளிப்புறத்தில், உலோகமும் வெள்ளைப் பீங்கானும் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, பழுப்பு நிறத்தில் ஒரு கறை வளையம் படிந்திருக்கும். இஞ்சினுக்குள்ளிருந்து வாயு கசிகிறது என்று நினைத்து நல்ல பிளக்கைத் தூக்கி எறிபவர்களைப் பார்த்திருக்கிறேன். உயர் மின்னழுத்தத்தால் ஈர்க்கப்பட்ட தூசியும் எண்ணெய்த் துகளும் ஒட்டியதால் வரும் கறை அது, அதனால் தீங்கில்லை. அதே பீங்கானில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடு ஓடியிருந்தால்தான் கவலைப்படவேண்டும். மின்சாரம் வெளிப்பக்கமாகவே தாவிக் குதித்த தடம் அது. நம் ஊர் மழைக்கு இது சகஜம்: பிளக் கேப்பின் ரப்பர் வெடித்து ஈரம் உள்ளே போகும், அல்லது பிளக் அமர்ந்திருக்கும் குழியில் தண்ணீர் தேங்கும். பல இஞ்சின்களில் அந்தக் குழியிலிருந்து நீர் வடிய ஒரு சிறு துளை இருக்கும்; சேறு அடைத்தால் குழி குட்டையாகிவிடும். மழையில் மட்டும் மிஸ் ஆகும் வண்டிக்குப் பிளக்கை மாற்றுவதற்கு முன் அந்தத் துளையில் ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள்.

என் வண்டியின் கதைக்கு வருகிறேன். கையேட்டின்படி அதற்குரியது என்ஜிகே நிறுவனத்தின் சிபிஆர்6இஏ-9 (CPR6EA-9). பழைய சொந்தக்காரர் போட்டிருந்தது சிபிஆர்8இஏ-9. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒரே மரை, ஒரே நீளம், ஒரே வாஷர். வித்தியாசம் அந்த ஒரே இலக்கத்தில். முதலில் நிற்கும் சி என்பது 10 மில்லிமீட்டர் மரை. டி (D) என்றால் 12, பி (B) என்றால் 14. அடுத்து வரும் பி (P), பீங்கான் நுனி வெளியே நீண்டிருப்பதைக் குறிக்கும். ஆர் என்பது உள்ளே மின்தடை இருப்பதைச் சொல்லும். எரிபொருள் ஊசி வண்டிகளில் அந்த ஆர் இல்லாத பிளக்கைப் போட்டால் மின்னணுக் கருவி தடுமாறக்கூடும். இ என்பது 19 மில்லிமீட்டர் மரை நீளம். கடைசியில் உள்ள 9, இடைவெளி 0.9 மில்லிமீட்டர். நடுவில் நிற்கும் 6 அல்லது 8தான் வெப்ப எண். என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சி, அதாவது நுனியின் சூட்டை இஞ்சின் தலைக்கு விரைவாகக் கடத்திவிடும். டென்சோவும் அதே திசைதான், எண்கள் மட்டும் பெரியவை: என்ஜிகேயின் 7க்கு அங்கே 22, 8க்கு 24. போஷ் நேர்மாறு; எண் குறைந்தால் குளிர்ச்சி. ஒரு நிறுவனத்தின் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு இன்னொன்றை வாங்கினால் மாட்டிக்கொள்வோம்.

குளிர்ந்த பிளக் போட்டால் வண்டி பந்தய வண்டிபோல் ஓடும் என்று யாரோ பழைய சொந்தக்காரருக்குச் சொல்லியிருக்கவேண்டும். பந்தயத்தில் முழு முறுக்கில் நீண்ட நேரம் ஓடும் இஞ்சினுக்கு அது சரி. சிவப்பு விளக்குக்குச் சிவப்பு விளக்கு நிற்கும் 125 சிசி வண்டிக்கு அந்தப் பிளக் 450 டிகிரியைத் தொடவே தொடாது. 2,000 கிலோமீட்டரில் புதுப் பிளக் அடுப்புக்கரியானதன் காரணம் அவ்வளவுதான். சரியான எண்ணைப் போட்டதும் கிராஞ்சி ஏற்றத்தில் வண்டி மூச்சு விடாமல் ஏறியது.

இரிடியத்தைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள், எனவே சொல்லிவிடுகிறேன். இரிடியத்தின் உருகுநிலை 2,400 டிகிரிக்கு மேல். நிக்கல் 1,455 டிகிரியில் உருகிவிடும். அதனால் நடு முனையை 0.6 மில்லிமீட்டர், டென்சோவின் ஒரு வகையில் 0.4 மில்லிமீட்டர் என்று ஊசிபோல் மெலிதாகச் செய்ய முடிகிறது. குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி தாவுகிறது. காலையில் வண்டி சட்டென்று எழுகிறது. இவை உண்மை. ஆனால் "ஒரு லட்சம் கிலோமீட்டர் தாங்கும்" என்ற பேச்சு, இரண்டு முனைகளிலும் விலையுயர்ந்த உலோகம் வைத்த கார்ப் பிளக்குகளைப் பற்றியது. கடைகளில் பைக்குக்கு மேம்பட்ட பிளக் என்று விற்கும் பல இரிடியம் வகைகளில் நடு முனை மட்டுமே இரிடியம், வளைந்து நிற்கும் எதிர்முனை நிக்கல்தான். அது வழக்கம்போல் தேயும். என் வேவுக்கு நான் நிக்கலையே போடுகிறேன். நான்கு பிளக் உள்ள, டாங்கியைத் தூக்கிக் கழற்றினால்தான் கை நுழையும் வண்டி வைத்திருப்பவர் வேறு முடிவு எடுக்கலாம். அங்கே பிளக்கின் விலையைவிடக் கூலி பெரிது.

பஜாஜ் பல்சர் 200என்எஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வண்டியில் ஒரே சிலிண்டருக்கு மூன்று பிளக்குகள். கைக்கு எட்டுவதை மட்டும் மாற்றிவிட்டு "பிளக் மாற்றியாயிற்று" என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. பழைய பிளக் மூன்றையும் கையில் கேட்டு வாங்குங்கள்.

போலிகளும் சந்தையில் நிறையப் புழங்குகின்றன. இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் பிளக்கைச் சந்தேகத்தோடுதான் பார்க்கவேண்டும். பீங்கானில் எழுத்து மங்கி இருப்பது, மரை ஒழுங்கில்லாமல் வெட்டப்பட்டிருப்பது, வாஷர் விரலால் இழுத்ததும் கழன்று வருவது ஆகியவை கெட்ட அறிகுறிகள். நல்ல பிளக்கில் வாஷர் சுழலும், ஆனால் எளிதில் உதிராது.

இனி மாற்றும் முறை. வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) வாகன நிறுத்துமிடத்தில் கருவிகளைப் பரப்பி உட்காருவதில் எனக்கு விருப்பமில்லை. மாதம் ஒருமுறை ஜொகூரின் மாசாயில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போவதால் அந்த வீட்டு வாசல்தான் என் பட்டறை. அங்கேதான் என் மிகப் பெரிய தவற்றையும் செய்தேன். கடற்பாலத்தைத் தாண்டி வந்து இறங்கிய சூட்டோடு, அத்தை தேநீர் கொண்டுவருவதற்குள் முடித்துவிடலாம் என்ற அவசரத்தில், நீண்ட கைப்பிடி கொண்ட ராட்செட்டால் புதுப் பிளக்கைப் பலம்கொண்ட மட்டும் முறுக்கினேன். சிலிண்டர் ஹெட் அலுமினியம்; பிளக்கின் உடல் எஃகு. அலுமினியம் சூட்டில் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். விரிந்த துளைக்குள் நான் இறுக்கிய பிளக்கை, ஆறியபோது அந்தத் துளை கவ்விப் பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு கழற்றியபோது பிளக்கின் மரையோடு மெல்லிய அலுமினியச் சுருளும் சேர்ந்தே வந்தது. "என்னப்பா, இடியாப்பம் பிழிகிறாயா?" என்று மாமா கேட்டார். துளையைப் பெரிதாக்கி, உள்ளே எஃகுச் சுருள் மரை ஒன்றைப் பதித்து வண்டியை மீட்டது காக்கி புக்கிட் அண்ணன்தான். அந்தச் செலவில் இருபது பிளக் வாங்கியிருக்கலாம்.

ஆகையால் இஞ்சினைத் தொட்டால் கை சுடாத அளவுக்கு ஆறவிடுங்கள்; ஒரு மணி நேரமாவது வேண்டும். பிளக் கேப்பை வயரைப் பிடித்து இழுக்காமல், கேப்பையே பிடித்துச் சற்றுத் திருகி எடுக்கவேண்டும். பிளக்கைத் தொடுமுன் குழியைச் சைக்கிள் பம்ப்பால் ஊதிவிடுங்கள்; அங்கே கிடக்கும் ஒரு மணல் துகள் சிலிண்டருக்குள் விழுந்தால் சுவரைக் கீறிவிடும். 10 மில்லிமீட்டர் மரைப் பிளக்குக்குப் பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் சாக்கெட், 12க்கு 18. உள்ளே ரப்பர் வளையம் உள்ள சாக்கெட்டாக இருந்தால் பீங்கான் உடையாமல் பிளக் பிடிபடும். கால் சுற்று தளர்த்தியதும் இன்னொரு முறை ஊதுவது என் பழக்கம். இறுக்கமாக இருந்தால் பலத்தைக் காட்டாமல், துருப்பிடிப்பை இளக்கும் எண்ணெய் சில துளி விட்டுக் காத்திருந்து, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருப்பவேண்டும்.

புதுப் பிளக்கின் இடைவெளியை, அதற்கென்றே இருக்கும் மெல்லிய அளவுத் தகடான ஃபீலர் கேஜால் அளந்துவிடுங்கள். பெட்டியிலிருந்து வரும்போதே சரியாக இருக்கும் என்று எழுதியிருந்தாலும், கடையில் ஒருமுறை கீழே விழுந்திருந்தால் போதும். என் வண்டிக்கு 0.8 முதல் 0.9 மில்லிமீட்டர். திருத்தவேண்டுமானால் வளைந்த எதிர்முனையை மட்டுமே அசைக்கவேண்டும். இரிடியத்தில் நடு முனைமேல் எந்தக் கருவியும் பட்டுவிடக் கூடாது, ஊசிமுனை உடைந்துவிடும்.

பொருத்தும்போது முதலில் சாக்கெட்டை எடுக்காதீர்கள். ஒரு சாண் பெட்ரோல் ஹோஸைப் பிளக்கின் மண்டையில் செருகிக்கொண்டு, அதைப் பிடித்துத் துளையில் வைத்து, முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். மரை மரையோடு சேரும் இடத்தில் 'டக்' என்று ஒரு சிறு இறக்கம் கைக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் பிளக் தானாகவே வழுக்கிக்கொண்டு இறங்கும். மரை கோணலாகப் பிடித்தால் ரப்பர் ஹோஸ் வழுக்கிவிடும், துளைக்குச் சேதம் வராது. சாக்கெட் அப்படி மன்னிக்காது. வாஷர் உட்காரும்வரை கையாலேயே போய், அதன்பின் இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் எடுக்கவேண்டும். கையேட்டில் உங்கள் இஞ்சினுக்கென்று தனி எண் இருந்தால் அதுவே இறுதி. இல்லையென்றால் 10 மில்லிமீட்டர் மரைக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் பொதுவான அளவு. டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள், புது வாஷராக இருந்தால் கை இறுக்கத்துக்குப் பிறகு அரைச் சுற்று, முன்பே நசுங்கிய வாஷராக இருந்தால் பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்று என்று நிறுத்திக்கொள்ளலாம். மரைக்கு கிரீஸ் தடவும் பழக்கம் பலரிடம் உண்டு. முலாம் பூசிய பிளக்குக்கு அது தேவையில்லை என்பதோடு, வழுக்கலால் ரெஞ்ச் காட்டும் அளவுக்கு மேலேயே இறுகிவிடும்.

கேப்பை அழுத்தும்போது அது பிடித்துக்கொண்ட ஓசை கேட்கவேண்டும். வண்டியை எழுப்பி, இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டுக் கேளுங்கள். சீராக ஓடினால் வேலை முடிந்தது.

கழற்றிய பிளக்கை அதே பெட்டியில் போட்டு, தேதியையும் மீட்டர் எண்ணையும் மேலே எழுதி வைக்கிறேன். இப்போது என்னிடம் ஐந்து பெட்டிகள் இருக்கின்றன. போன வாரம் 4,100 கிலோமீட்டரில் பார்த்தபோது நுனி நல்ல பழுப்பு, விளிம்பில் மட்டும் லேசான கரி. திரும்பவும் அதையே போட்டுவிட்டேன். தைப்பூசத்துக்கு நண்பர்களோடு பத்துமலை வரை ஓட்டிப் போகிறோம். போக மட்டும் 350 கிலோமீட்டர், பெரும்பகுதி நெடுஞ்சாலை. திரும்பி வந்ததும் இன்னொரு முறை கழற்றி, அந்த விளிம்புக் கரி எரிந்துபோயிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.